பச்சோந்திக்கு உடம்பு சரியில்லையா? முதலில் கூண்டைப் பாருங்கள்

பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்ன மருந்து கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கை எந்த மாதம் வாங்கினீர்கள்? வெயில் காயும் கிளையில் இப்போது எத்தனை டிகிரி? பெரும்பாலும் இரண்டுக்குமே பதில் வராது. தேட ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான்.

நான் இருப்பது சிகாகோ பக்கம். முதலில் ஓர் ஆண் பச்சோந்தி வளர்த்தேன், இப்போது மரகதம் என்று ஒரு பெண் இருக்கிறாள். இரண்டுமே வெய்ல்டு கமீலியன் என்று கடையில் சொல்லும் ஏமன் பச்சோந்தி. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழ்கிற வகை, தலையில் உயரமாகக் கொண்டை மாதிரி நிற்கும். கீழே சொல்லும் எண்கள் எல்லாம் இந்த வகைக்கானவை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் வேலியிலும் முள்மரத்திலும் பார்க்கிற பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். பார்த்தால் ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இந்தப் பிராணி நோயைக் கடைசி வரை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிவது பருந்துக்கும் பாம்புக்கும் அழைப்பு, அதனால் நிற்க முடிகிற வரை நிற்கும். நம் கண்ணுக்கு அறிகுறி தெரியும்போது உள்ளே பிரச்சினைக்குச் சில வாரங்கள் வயதாகியிருக்கும். அதனால்தான் பிராணியைப் பார்க்கிற அதே நேரத்தில் கூண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

சரியான கூண்டு எப்படி இருக்க வேண்டும்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே, அதை முதலில் வைத்துக்கொள்வோம்.

வளர்ந்த பச்சோந்திக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம். கம்பிவலைக் கூண்டு, அல்லது இரண்டு மூன்று பக்கம் பிளாஸ்டிக் பலகை அடைத்து மேலேயும் முன்னாலும் காற்று போக வழி விட்டது. மேலே நீளமான டி5 குழல் யூவிபி விளக்கு, ஆர்க்கேடியா பிராண்டு என்றால் 6 சதவீதம், ரெப்டிசன் பிராண்டு என்றால் 5.0. சுருள் மாதிரி வரும் சின்ன யூவிபி பல்பு போதாது. அதன் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே ஒன்றும் கிடைக்காது. வெயில் காயும் கிளை இந்தக் குழலுக்குக் கீழே, பச்சோந்தியின் முதுகு ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. தள்ளி வரும்படி இருக்க வேண்டும். யூவி குறியீட்டு மானி கையில் கிடைத்தால் அந்த இடத்தில் 3 காட்டுகிறதா என்று பாருங்கள்.

வெயில் காயும் இடத்தில், அதாவது சூடு தரும் பல்புக்குக் கீழே, ஆணுக்கு 29 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கும் குட்டிக்கும் 27. இங்கே அமெரிக்காவில் மானிகள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், அதில் 85, 80 என்று வரும். கூண்டின் கீழ்ப்பகுதி 22, 23 என்று வீட்டுச் சூட்டிலேயே இருந்தால் போதும். இரவில் 18க்கு இறங்கினால் நல்லது, இன்னும் ஓரிரண்டு டிகிரி குறைந்தாலும் பயமில்லை. இரவில் சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் வேண்டாம். 12 மணி நேரம் முழு இருட்டு. ஈரப்பதம் பகலில் 30 முதல் 50 சதவீதம், இரவில் 75க்கு மேல்.

இந்த எண்களைப் பார்க்கும் கருவியே தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். ஒட்டும் வட்ட மானி வாங்காதீர்கள், கம்பி நீட்டிய டிஜிட்டல் மானி வாங்கி அந்தக் கம்பியின் முனையைப் பச்சோந்தி உட்காரும் முதுகு உயரத்தில் கட்டுங்கள். ஈரப்பத மானி உண்மை சொல்கிறதா என்று பார்க்க வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, கரையாமல் நனைகிற அளவுக்குச் சில சொட்டு தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது முதல் முறை 62 காட்டியது. 13 குறைத்துச் சொல்லும் மானியை நம்பி ஒரு மாதம் கூடுதலாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். விளக்கு, செடி, இடம், உணவு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அந்தக் கலவரமே அதற்கு ஒரு புதுத் தொல்லையாகிவிடும். விதிவிலக்கு: கண் மூடிக் கிடப்பது, கீழே விழுவது, வாய் திறந்து மூச்சு வாங்குவது. இந்த மூன்றுக்கும் பொறுக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், கூண்டையும் கூடவே பாருங்கள்.

நாள் முழுக்கக் கருத்திருக்கிறது

காலையில் விளக்கு எரிந்தவுடன் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் கருப்பாக்கி விளக்குப் பக்கம் திருப்பி உட்காரும். அது சூடு வாங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் வெளுத்துப் பச்சையாகிவிடும். மத்தியானம் வரை கருப்பாகவே இருந்தால் இரண்டு காரணம்: சூடு போதவில்லை, அல்லது எதையோ பார்த்துப் பயப்படுகிறது.

சூடு போதவில்லையா என்று மானி சொல்லிவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க, உங்கள் தலையைக் கூண்டின் மேல் கிளை உயரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அறையைப் பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அங்கிருந்து பார்த்தால்தான் கண்ணாடிக் கதவில் அதன் உருவமே தெரிவது, எதிர்ச் சுவரில் மின்விசிறியின் நிழல் ஓடுவது, பூனை வந்து உட்காரும் சோபாவின் முதுகு எல்லாம் தெரியும். இன்னொரு பச்சோந்தி கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் அதுவே போதும், இரண்டும் தனிக் கூண்டில் இருந்தாலும் நாள் முழுக்கச் சண்டைக்குத் தயாராகவே நிற்கும். தரையில் வைத்த கூண்டு இன்னொரு காரணம். எல்லாரும் மேலிருந்து குனிந்து பார்க்கும் இடத்தில் அதற்கு நிம்மதி வராது. ஒரு மேசை மேல் ஏற்றுங்கள், வெயில் காயும் கிளை நம் கண்ணுக்கு மேலே வரட்டும்.

சந்தேகம் இருந்தால் கூண்டின் மூன்று பக்கத்தையும் ஒரு வெளிர் துணியால் இரண்டு நாள் மூடிப் பாருங்கள். நிறம் தெளிந்தால் பிரச்சினை அறையில்தான். அப்புறம் இலை. கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் பச்சோந்தி முழுதாகத் தெரிகிறது என்றால் செடி குறைவு. மணிபிளாண்ட், ஷெஃப்லேரா, செம்பருத்தி எல்லாம் வைக்கலாம். ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும், அதனால் நர்சரியிலிருந்து வந்த செடியின் இலைகளை இருபுறமும் கழுவி, மண்ணை மாற்றி, மேலே அதன் வாயைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள்.

வாயைத் திறந்து வைத்திருக்கிறது

எங்கே உட்கார்ந்து திறக்கிறது என்பதைப் பாருங்கள். விளக்குக்கு நேர் கீழே, உடம்பு வெளிறி, வாய் லேசாகத் திறந்திருந்தால் சூடு அதிகம். விளக்கை உயர்த்துங்கள், அல்லது குறைந்த வாட் பல்பு போடுங்கள், டிம்மர் இருந்தால் இன்னும் நல்லது. கையை நீட்டினால் மட்டும் வாயைப் பிளந்து சீறுகிறது என்றால் அது உங்களுக்கான எச்சரிக்கை, மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விளக்கிலிருந்து தள்ளி, குளிர்ந்த இடத்தில், அல்லது ராத்திரி தூங்கும்போது வாய் திறந்திருந்தால், தலையை மேலே தூக்கி மூச்சு இழுத்தால், காதை வைத்துக் கேட்கும்போது சின்னதாக டப் டப் என்று சத்தம் வந்தால், வாயோரம் கோழை நூல் மாதிரி தெரிந்தால் நுரையீரலில் தொற்று. இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது, ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

கூண்டில் இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் புழுக்கம். புழுக்கம் என்று நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: சூடும் ஈரமும் சேர்ந்து காற்று நகராமல் நிற்பது. ஏமன் மலையில் ராத்திரி ஈரமாக இருக்கும், ஆனால் குளிர்ந்த ஈரம், பனி மாதிரி. பகல் சூடாக இருக்கும், ஆனால் காய்ந்த சூடு. நம் வீட்டில் என்ன செய்கிறோம் என்றால் பகலில் 29 டிகிரியில் ஃபாகரை, அதாவது பனிப்புகை விடும் கருவியை, ஓடவிட்டு, ஈரம் நிற்கவில்லையே என்று கூண்டைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடுகிறோம். ஃபாகர் ராத்திரிக்கானது, அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு மட்டும். வீட்டில் இரவு 24, 25 டிகிரிக்குக் குறையவில்லை என்றால் ஃபாகரையே நிறுத்திவிட்டு, விளக்கு அணைந்ததும் ஒரு முறை, விளக்கு எரியும் முன் ஒரு முறை தண்ணீர் தெளிப்பதோடு விடுங்கள். காலை 10 மணிக்குள் இலைகள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மத்தியானமும் தரையில் தண்ணீர் நிற்கிறது, செடி மண்ணில் பூஞ்சை வாடை வருகிறது, சின்னக் கொசு மாதிரி பறக்கிறது என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

ஃபாகர் தொட்டியைக் கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள். அதில் வளர்கிற கிருமி புகையாக நேரே நுரையீரலுக்குத்தான் போகிறது. வாரம் ஒரு முறை காலிசெய்து, கழுவி, காயவைத்துத்தான் மறுபடி நிரப்ப வேண்டும்.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக வருகிறது

எச்சத்தில் கருப்பு, வெள்ளை இரண்டும் இருக்கும். அந்த வெள்ளைதான் யூரேட், நம் சிறுநீருக்குப் பதில். வெள்ளையாக இருந்தால் சரி, நுனியில் லேசாக மஞ்சள் இருந்தாலும் சரி. முழுக்க ஆரஞ்சாகி மணல் மாதிரி காய்ந்து வந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை. கண் மேடுகள் உள்ளே குழிந்து தெரிந்தால் நிலைமை முற்றிவிட்டது.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பயனில்லை. நிற்கிற தண்ணீரை அது தண்ணீராகவே பார்க்காது. இலையில் சொட்டு தொங்கி, வெளிச்சத்தில் மின்னினால்தான் நாக்கை நீட்டும். அதனால் இந்த அறிகுறிக்கு முதல் சோதனை: தெளிக்கிற நேரத்தில் அது உட்காரும் கிளைக்கு எட்டும் இலையில் சொட்டு நிற்கிறதா? ஐந்து நொடி தெளித்துவிட்டுப் போனால் நிற்காது. இரண்டு நிமிடமாவது வேண்டும். முதல் ஒரு நிமிடம் அது கண்களைச் சுத்தம் செய்வதிலேயே போய்விடும், கண் மேட்டை உப்பவிட்டு உருட்டி உருட்டிக் கழுவும், பார்க்க விபரீதமாக இருக்கும், ஆனால் நல்ல அடையாளம். குடிப்பது அதற்கு அப்புறம்தான். நீங்கள் நின்று பார்த்தால் சிலது குடிக்கவே குடிக்காது.

தானாகத் தண்ணீர் தெளிக்கும் மிஸ்டிங் பம்ப் வைத்திருப்பவர்கள் பம்பை நம்பி ஏமாறும் இடங்கள் சில உண்டு. எனக்கு ஜனவரியில் நடந்தது இது. ஆண் பச்சோந்தி இருந்த சமயம், வெளியே மைனஸ் 15, வீட்டு ஹீட்டர் நாள் முழுக்க ஓடி அறையின் ஈரப்பதத்தை 20க்குக் கொண்டுவந்திருந்தது. பம்ப் ஓடும் சத்தம் தினமும் காலையில் கேட்கிறது, டைமர் சரியாக இருக்கிறது, ஆனாலும் எச்சம் ஆரஞ்சு. ஒரு நாள் விளக்கு எரியும் முன் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு முனைகளில் மூன்றில் ஒன்றும் வரவில்லை. நான்காவதில் ஒரே கோடாகத் தண்ணீர் பீய்ச்சி நேரே கூண்டுக் கதவில் அடித்து வழிந்துகொண்டிருந்தது. இலை ஒன்றுகூட நனையவில்லை. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு முனைகளை அடைத்துவிட்டிருந்தது, பம்ப் மட்டும் பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

முனைகளைக் கழற்றி வெள்ளை வினிகரில் ஓர் இரவு போட்டேன். மறுநாள் கழுவி மாட்டியதும் பனி மாதிரி விரிந்தது. அன்றிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்தான். மாதம் ஒரு முறை தெளிக்கும் நேரத்தில் முன்னால் நின்று எல்லா முனையையும் கண்ணால் பார்க்கிறேன். சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பம்ப் ஓடுகிறது ஆனால் எந்த முனையிலும் தண்ணீர் வரவில்லை என்றால், தொட்டி காலியாகிக் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். தொட்டியை நிரப்பி, ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் காற்று வெளியேறும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கெட்டுப்போகும் பம்புகளும் உண்டு, உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஃபாகர் புகை கூண்டுக்கு வராவிட்டால் குழாயைப் பாருங்கள், நடுவில் தொங்கி வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கி அடைத்திருக்கும், தூக்கிக் கட்டினால் சரியாகிவிடும். கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் நேரம் மாறி நடக்கிறதா, டைமரில் காலை மாலை புரண்டிருக்கும், உள்ளே பேட்டரி வைத்த டைமர் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் முழுக் கம்பிவலைக் கூண்டு ஈரத்தைப் பிடித்து வைக்காது. பின்பக்கத்தையும் இரு பக்கங்களையும் பிளாஸ்டிக் பலகையால் அடைத்து, மேலும் முன்னும் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பகலில் கண் மூடுகிறது

ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. அவ்வளவுதான், இதில் வேறு பேச்சில்லை. ஒரு கண்ணை மட்டும் மூடி, அதைக் கிளையில் தேய்த்தால் உள்ளே தூசியோ தோல் துண்டோ போயிருக்கலாம். ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் மூடினால் அன்றே மருத்துவர்.

மருத்துவரிடம் போகும் வரை கூண்டில் பார்க்க வேண்டியது: சுருள் பல்பு இருந்தால் அணையுங்கள், மிகப் பக்கத்தில் வைத்த சில பல்புகள் கண்ணைச் சுட்டுவிடும். தண்ணீர் போதுமா? வைட்டமின் ஏ கிடைக்கிறதா? கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைத் தன் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் ஏயாக மாற்றுவதில் பச்சோந்திகள் அவ்வளவு கெட்டி இல்லை, அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரடி வைட்டமின் ஏ உள்ள பொடி வேண்டும். பயந்துபோய் அள்ளிப் போடாதீர்கள். வைட்டமின் ஏயும் வைட்டமின் டி3யும் அளவு மீறினால் உடம்பில் சேர்ந்து தீங்கு செய்யும், தொண்டையும் கழுத்தும் தண்ணீர்ப்பை மாதிரி வீங்குவதற்கு ஒரு காரணம் அதுதான்.

பிடி நழுவுகிறது, கை வளைகிறது

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் முழுக்கத் தடுக்கக்கூடியது. எம்பிடி என்று சொல்லும் எலும்பு நோய். கால்சியம் எலும்பிலிருந்து கரைந்துபோகும். முன்னங்கை நடுவில் வளைந்து இரண்டு முழங்கை இருக்கிற மாதிரி தெரியும், தாடை ரப்பர் போல ஆகும், நடக்கும்போது நடுங்கும், நாக்கை நீட்ட முடியாமல் பூச்சிக்குப் பக்கத்தில் போய் வாயால் கவ்வப் பார்க்கும். நாக்கு எட்டாமல் போவதுதான் பலர் முதலில் கவனிப்பது, அதைப் பசியில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

காரணம் கால்சியம் குறைவு, அல்லது யூவிபி குறைவு, பெரும்பாலும் இரண்டும். யூவிபி இல்லாமல் உடம்பில் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்ற கால்சியம் சேராது. ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேனே என்பவர்கள் கவனிக்க: ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். கூண்டு மேலே விரித்த வலையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாம், வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறையும். விளக்கு எரிகிறது என்பதும் யூவிபி வருகிறது என்பதும் ஒன்றில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருடக்கணக்கில் இருக்கும், யூவிபி முன்னாலேயே குறைந்துவிடும். டி5 குழலை 12 மாதத்தில் மாற்றுங்கள், வாங்கிய தேதியை விளக்கு மாட்டும் சட்டத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

உணவில்: டி3 இல்லாத கால்சியம் பொடி ஒவ்வொரு வேளையும், மெல்லிய தூசி மாதிரி. டி3யும் ஏயும் உள்ள பொடி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பூச்சி மாவில் உருட்டிய பஜ்ஜி மாதிரி வெள்ளையாக இருந்தால் அதிகம்.

வளைந்த எலும்பு மறுபடி நேராகாது. ஆனால் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து கால்சியம் சிகிச்சை கொடுத்து, நீங்கள் விளக்கைச் சரிசெய்தால் நோய் அங்கேயே நிற்கும், பச்சோந்தி நன்றாகவே வாழும். அதுவரை கிளைகளைத் தாழ்த்தி, கீழே மெத்தென்று துணி விரித்து வையுங்கள், விழுந்தால் எலும்பு முறியும்.

சாப்பிட மறுக்கிறது

மற்ற எல்லாம் சரியாக இருந்து, கண் திறந்து, நிறம் தெளிவாக, பிடி உறுதியாக இருக்கும் வளர்ந்த பச்சோந்தி நான்கைந்து நாள் சாப்பிடாவிட்டால் எனக்குக் கவலை வராது. நிறையப் பேர் அளவுக்கு மேல் போடுகிறார்கள். வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு பூச்சி போதும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி தினமும் தின்ன வேண்டும், அது ஒரு நாள் மறுத்தாலே கவனியுங்கள்.

ஒரே பூச்சி மாதக்கணக்கில் போட்டால் சலித்துப்போகும். சுவர்க்கோழிதான், கடையில் கிரிக்கெட் என்று டப்பாவில் வருவது, எல்லாருக்கும் எளிது. நடுவில் பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என்று மாற்றுங்கள். ஈயாக மாறிய பின் விட்டால் அது பறப்பதைப் பார்த்தே பசி வந்துவிடும். தின்னாத சுவர்க்கோழியைக் கூண்டில் விட்டு வைக்காதீர்கள், ராத்திரி தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். கடிபட்டது அடுத்த நாள் பூச்சியைக் கண்டாலே ஒதுங்கும், நாம் பசியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கொண்டையிலோ முதுகிலோ கரும்புள்ளி

முதலில் வெளிர் பச்சைத் திட்டு, பிறகு கருப்பு, பிறகு பொருக்கு. சூடு பட்டிருக்கிறது. தோல் வெந்துகொண்டிருப்பது அதற்குச் சட்டென்று உறைக்காது, உடம்பு சூடாகும் வரை அங்கேயே உட்காரும். கூரை வலையில் தொங்கிக்கொண்டு விளக்கைத் தொடுகிற தூரத்துக்குப் போகும் பழக்கம் இருந்தால் விளக்கை வலை மேல் வைக்காமல் சில அங்குலம் உயர்த்தித் தொங்கவிடுங்கள். புண்ணுக்கு மருத்துவர்.

தோல் உரிகிறது

ஏமன் பச்சோந்திக்குத் துண்டு துண்டாகத்தான் உரியும், பாம்புச் சட்டை மாதிரி முழுதாக வராது. விரலிலோ வால் நுனியிலோ வளையமாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நன்றாகத் தெளியுங்கள். பிடித்து இழுக்காதீர்கள்.

பெண் தரையில் அலைகிறது

பெண் பச்சோந்தி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஆண் இல்லாமலே பெண் முட்டை வைக்கும். கோழி மாதிரிதான், குஞ்சு வராத முட்டை. ஐந்தாறு மாத வயதிலேயே ஆரம்பித்துவிடலாம். இடம் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும்.

எப்போதும் மேலே இருந்தவள் கீழே இறங்கித் தரையைப் பிறாண்டுகிறாள், கூண்டின் மூலை மூலையாக நகர்கிறாள், வயிறு உருண்டு பக்கவாட்டில் மேடு மேடாகத் தெரிகிறது, சாப்பாடு குறைந்துவிட்டது. இதுதான் அறிகுறி. அப்போது ஓடிப்போய் மணல் வாங்காமல், நான்கைந்து மாதத்திலிருந்தே முட்டைத் தொட்டி கூண்டுக்குள் நிரந்தரமாக இருக்கட்டும். 30 செ.மீ. நீள அகலம், அதே ஆழம். கழுவிய விளையாட்டு மணலும் மண்ணும் கலந்து, கையால் அழுத்தினால் உருண்டை நிற்கிற ஈரத்தில், 20 செ.மீ.க்குக் குறையாமல் நிரப்புங்கள். விரலால் ஒரு சுரங்கம் தோண்டிப் பாருங்கள். இடிந்து விழுந்தால் இன்னும் ஈரம் வேண்டும். இடிகிற மணலில் அவள் தோண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுவாள்.

மரகதம் முதல் தடவை தோண்டியது ஒரு சனிக்கிழமை. காலையில் தலை மட்டும் உள்ளே போயிருந்தது, மத்தியானம் வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. என் மகள் எட்டிப் பார்த்தாள், மரகதம் அப்படியே உறைந்து, பின்னோக்கி வந்து, மேலே ஏறிவிட்டாள். தோண்டிய குழி அப்படியே கிடந்தது. யாராவது பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் துணி போட்டு மூடாமல் விட்டிருந்தேன். உடனே கூண்டின் கீழ்ப்பாதியைப் படுக்கை விரிப்பால் மறைத்து, ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து வைத்தேன். ஞாயிறு முழுக்க யாரும் அந்த அறைக்குப் போகவில்லை. திங்கள் காலை மணல் சமமாக, மிதித்து இறுக்கின மாதிரி இருந்தது, அவள் மேல் கிளையில் மூக்கு முழுக்க மண்ணோடு, ஒட்டிய வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தெளித்ததும் பத்து நிமிடம் நிறுத்தாமல் குடித்தாள். மணலைக் கிளறி எண்ணினேன், 34 முட்டைகள்.

தோண்டுவது ஓரிரு நாள் நீளலாம். ஆனால் தோண்டியும் வைக்காமல் சோர்ந்துபோய்த் தரையிலேயே உட்கார்ந்து கண்ணை மூடினால் முட்டை அடைத்துவிட்டது, ஒரு இரவுகூடப் பொறுக்காதீர்கள். முட்டை வைத்த பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகத் தண்ணீர், நன்றாகச் சாப்பாடு, கால்சியம். அப்புறம் மறுபடி அளவுச் சாப்பாட்டுக்கு வாருங்கள். பெண்ணுக்கு 27 டிகிரி என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்: சூடும் தீனியும் கூடினால் முட்டையின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒரு ஈட்டில் அறுபதைத் தாண்டிக்கூடப் போகும், ஒவ்வொரு ஈடும் அவள் உடம்பிலிருந்துதான் வருகிறது.

மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லாரும் பச்சோந்தி பார்ப்பதில்லை. ஊர்வன பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதை நன்றாக இருக்கும்போதே தேடி, எண்ணைக் கதவில் ஒட்டி வையுங்கள். போகும்போது முழுக் கூண்டும் தெரிகிற படம், விளக்கின் பெயரும் வாங்கிய தேதியும், பொடி டப்பாக்கள், அன்றைக்கு வந்த எச்சம் ஈரமான டிஷ்யூவில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில். புழு இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். பச்சோந்தியைக் கையில் வைத்துக்கொண்டு காரில் போகாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியில் குறுக்கே ஒரு கிளையை அசையாமல் பொருத்தி, காற்றுக்கு ஓட்டை போட்டு, மூடி எடுத்துப் போங்கள். இருட்டில் கிளையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக வரும். குளிர்காலம் என்றால் பெட்டியை உள்ளே வைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே காரை ஓடவிட்டுச் சூடாக்கிவிடுங்கள்.